25,000 மணி நேரம் என்று சொன்னது யார்?

எபிசோடில் பேட்டரி பற்றிப் பேசியே நேரம் போய்விட்டது, அதனால் பல்ப் கதை இங்கே.

மெல்போர்னில் எங்க அப்பா அம்மா வீட்டு கிச்சன் சீலிங்கில் 12 டவுன்லைட். வீடு கட்டினப்போ எல்லாமே 12 வோல்ட் ஹாலஜன். ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் பழைய வீடுகளில் இது சகஜம், உங்க வீட்டிலும் இருக்கலாம். பிறகு 12 பல்பையும் ஒரே நேரத்தில் எல்.இ.டி.க்கு மாத்தினோம். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. தினமும் 6 மணி நேரம் எரிஞ்சா 11 வருஷத்துக்கு மேல வரணும். இரண்டே வருஷத்தில் அடுப்பு மேடைக்கு நேர் மேலே இருக்கிற பல்ப் மினுக்க ஆரம்பிச்சது. அம்மா காய் நறுக்கும் இடம் அதுதான். மினுக்குற வெளிச்சத்தில் கத்தி பிடிக்கிறது விளையாட்டு இல்லை. மீதி 11 பல்பும் அதே பெட்டியில் வந்தவை, அதனால் எது செத்தது என்று தெரிஞ்சே ஆகணும்.

பல்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்படுங்க. ஹாலஜனுக்காக வைத்த எலெக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரில் '20–60 வாட்' என்று எழுதியிருக்கும். குறைந்தது 20 வாட்டாவது இழுத்தால்தான் அது ஒழுங்கா ஓடும். 5 வாட் எல்.இ.டி. மாட்டினால் நல்ல பல்புகூட மினுக்கலாம். சோதிக்க ஏணி போதும்: பல்பைக் கழட்டி, நல்லா எரியும் இன்னொரு இடத்தில் மாட்டுங்க. எங்க பல்ப் அங்கேயும் மினுக்கியது. ஆக, கோளாறு பல்புக்குள்தான். (சீலிங்குக்கு மேல் இருக்கும் 230 வோல்ட் வயரிங் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. அதைத் தொடாதீங்க.)

இந்த பல்புக்குப் பேர் எம்.ஆர்.16. 16 என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கு, அதாவது 2 அங்குல விட்டம். பின்னால் 5.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி. முன்பக்க லென்ஸை ஹேர் டிரையரால் சூடு பண்ணினால் பசை இளகும், மெல்ல நெம்பினால் வந்துவிடும். உள்ளே அலுமினியத் தகட்டில் மூன்று எல்.இ.டி. இரண்டு ஸ்க்ரூ. அதைக் கழட்டி, இரண்டு வயரின் சால்டரை எடுத்துவிட்டால், பின்பக்கக் குச்சிகளோடு சேர்ந்து டிரைவர் போர்டு வெளியே வரும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.

முதலில் எல்.இ.டி.களைச் சோதிச்சேன். 9 வோல்ட் பேட்டரி, வரிசையில் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒவ்வொன்றா தொட்டுப் பார்த்தால் போதும். மூன்றும் எரிந்தன. நடுவில் கரும்புள்ளிகூட இல்லை. பெட்டி சொன்ன 25,000 மணி நேரம் இவங்களைப் பொறுத்தவரை பொய்யில்லை.

டிரைவரில் இருந்தவை: ஏசியை டிசி ஆக்க நாலு டயோடு, ஒரு காயில், பி.டி. 4115 என்ற சிப், ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டரின் தலை லேசா உப்பியிருந்தது. குற்றவாளி கிடைச்சாச்சு. உள்ளே திரவம் இருக்கிற ஒரே பாகம் அது. சூட்டில் அந்தத் திரவம் காயும், கெப்பாசிட்டர் சக்தி இழக்கும், வெளிச்சம் மினுக்கும்.

இப்போ கணக்கு. அதன் மேல் 105 டிகிரி என்று அச்சடித்திருந்தது. இந்த ரகம் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று வச்சுக்குவோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரங்க பழைய விதி. 95 டிகிரியில் 4,000. 85 டிகிரியில் 8,000. மூடிய பல்புக்குள், அதுவும் சீலிங் இன்சுலேஷன் பக்கத்தில், 95 டிகிரி என்றால் நான் நம்புவேன். 4,000 மணி நேரத்தை 6 ஆல் வகுத்தா இரண்டு வருஷம்கூட வராது. சர்வர் எவ்வளவு பெருசா இருந்தாலும் சிஸ்டத்தின் ஆயுள் மோசமான டிபெண்டன்சியின் ஆயுள்தானே?

புதுக் கெப்பாசிட்டர் போட்டேன்: 105 டிகிரி, 35 வோல்ட். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட், அதனால் 35 இருப்பது நல்லது. பிளஸ் மைனஸ் மாறக் கூடாது, மாறினால் வெடிக்கும். பல்ப் நின்று எரிந்தது.

அதோடு விட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் மறுபடி ஏணி. சூட்டைக் குறைக்கணும். பி.டி. 4115-ல் எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட்டை முடிவு பண்றது ஒரு ரெசிஸ்டர். சூத்திரம் எளிது: 0.1-ஐ அந்த ஓமால் வகுக்கணும். என் போர்டில் 0.47, 0.68 என்று இரண்டு ரெசிஸ்டர் இணையாக இருந்தன, சேர்த்தால் 0.278 ஓம், அதாவது 360 மில்லிஆம்ப். 0.68-ஐ சால்டரிங் அயர்னால் எடுத்தேன். இப்போ 213 மில்லிஆம்ப். கரண்ட் நாற்பது சதவீதம் குறைஞ்சாலும் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையாது, ஏன்னா எல்.இ.டி. கம்மி கரண்ட்டில்தான் திறமையா வேலை செய்யும். 2016-ல் பிலிப்ஸ் துபாய்க்காகச் செய்த 'துபாய் லேம்ப்' வாட்டுக்கு 200 லூமென் தந்ததன் ரகசியமும் இதுதான்: எல்.இ.டி. அதிகம், ஒவ்வொன்றுக்கும் கரண்ட் கம்மி.

அரை மணி நேரம் எரியவிட்டுத் தொட்டேன். முன்னாடி விரல் வைக்க முடியாத உடம்பில் இப்போ விரல் தாராளமா நின்றது. மாட்டினதும் அம்மா ஒன்றும் சொல்லலை. அப்பாதான் அண்ணாந்து பார்த்து, "ஏம்ப்பா, லோ வோல்டேஜா?" என்றார். அவர் மதுரையை விட்டு வந்து 31 வருஷம் ஆச்சு.

காசுக் கணக்கு போட்டால் இது நஷ்டம்தான், என் ஒரு மணி நேரக் கூலிக்கு ஒரு டஜன் பல்ப் வாங்கலாம். ஆனா புதுசா வாங்கினாலும் உள்ளே அதே கெப்பாசிட்டர், அதே 360 மில்லிஆம்ப். அதனால் மீதி 11-ஐயும் சாகுறதுக்கு முன்னாடியே திறக்கப் போறேன். இந்த முறை ரெசிஸ்டரை எடுத்தால் போதும், பல்புக்கு இருபது நிமிஷம்.

நீங்க முயற்சி பண்ணுவதா இருந்தால் பின்பக்கக் குச்சியைப் பாருங்க. மெல்லிய ஊசி மாதிரி இரண்டு என்றால் 12 வோல்ட், தைரியமா திறக்கலாம். தடிமனா, நுனியில் கொண்டை வைத்து, திருகி மாட்டும் ரகம் என்றால் அது ஜி.யு.10, நேரா 230 வோல்ட் வாங்குவது. அதை நான் திறக்கறதில்லை.