கிளிமூக்கைக் கடித்துத் தின்போம்

ஜூன் பிறந்தால் பள்ளிப்பட்டு வட்டாரத்துச் சாலைகளில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் பெங்களூரா. எங்கள் பேச்சில் கிளிமூக்கு, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தோத்தாபுரி. போய்ச் சேருமிடம் சித்தூர் மாவட்டத்துக் கூழ் ஆலைகள். 1960 ஏப்ரல் 1 வரை பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநில எல்லை மாறிய பிறகும் மாங்காயின் பாதை மாறவில்லை.

2025 ஜூனில் அந்தப் பாதை அடைபட்டது. வெளிமாநிலத்துத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. அவர்களுக்கே விளைச்சல் மிஞ்சிக் கிடந்தது, முந்தைய ஆண்டுக் கூழே ஆலைகளில் தேங்கியிருந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு விலை வைத்துத் தன் விவசாயிகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாங்குபவரை நம்பிப் பயிர் வைத்தால் இதுதான் கதி.

அந்த நேரத்தில் என் மனம் தாய்லாந்துச் சந்தைகளைத்தான் நினைத்தது. அங்கே காய்மாங்காய்க்குப் பழத்துக்குக் குறையாத மரியாதை. பச்சையாகக் கடித்துத் தின்பதற்கென்றே 'கியாவ் சவோய்' என்றொரு ரகம் வைத்திருக்கிறார்கள். தோல் பச்சை, சதை மொறுமொறு, புளிப்பு அடங்கிய இனிப்பு. பனைவெல்லமும் மீன் சாறும் காய்ச்சி, சின்ன வெங்காயம், காய்ந்த இறால், மிளகாய் போட்ட கெட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பாங்காக்கின் ஒர் தொர் கோர் சந்தையில் பழங்களைப் பொறுக்கி அடுக்கி நல்ல விலைக்கு விற்கிறார்கள். அது வசதியுள்ளவர்களுக்கு. சாதாரண மக்களுக்குத் தெருவண்டி: கண்ணாடிப் பெட்டி, உள்ளே பனிக்கட்டி, அதன்மேல் மாங்காய், கொய்யா, அன்னாசி, தர்பூசணி. கேட்டதும் நறுக்கிப் பையில் போட்டு, குத்தித் தின்ன ஒரு குச்சியும், உப்பு, சர்க்கரை, மிளகாய் கலந்த பொட்டலமும் தருவார்கள். அலுவலகம் போகிறவரும் பள்ளிப் பிள்ளையும் அதைத் தின்றுகொண்டே நடப்பார்கள். அங்கே பழம் அன்றாடத் தீனி.

நம் கிளிமூக்கு இதற்கென்றே பிறந்தது என்பேன். மல்கோவாவோடும் பங்கனபள்ளியோடும் ஒப்பிட்டு அதை மட்டம் தட்டுவது சரியில்லை. முழுக்கப் பழுத்தால் அதன் இனிப்பு சுமார்தான். பழுக்கத் தொடங்கும் நேரத்தில் பிடிக்க வேண்டும். மூக்குப் பக்கம் பச்சை இருக்க, காம்புப் பக்கம் லேசாக வெளுத்திருக்கும். கத்தியை வைத்தால் சதை நறுக்கென்று பிளக்கும். தோலை ஒட்டி வெளிர்பச்சை, கொட்டையை நெருங்க நெருங்க மஞ்சள். தோலோடு பத்தை போட்டு, குறுக்கே கீறி, கீறலுக்குள் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கடித்தால் முதலில் புளிப்பு, அப்புறம் காரம், கடைசியில் இனிப்பு. நார் கிடையாது, சட்டை நனையாது. பள்ளிக்கூட வாசலில் தின்று வளர்ந்த நாம் அதைப் பிள்ளைகள் தின்பண்டம் என்று ஒதுக்கிவிட்டோம்.

பனை விஷயத்திலும் அப்படித்தான். தாய்லாந்தின் பெட்சபுரியில் வயல் வரப்பெல்லாம் பனை. பனம்பழச் சாற்றோடு அரிசி மாவும் தேங்காயும் சேர்த்து அவித்த மஞ்சள் பலகாரம் அங்கே கடைகடையாக விற்பனையாகும். யாழ்ப்பாணத்தில் பனங்காய்ப் பணியாரம் இன்றும் வீட்டுப் பலகாரம். திருவள்ளூர் மாவட்டத்துப் பனைகளின் அடியிலோ நுங்குக் காலம் முடிந்ததும் பழுத்து விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது. நகரி மலைப்பக்கத்துச் சீத்தாப்பழம் கூடைக்கணக்கில் வரும்போதும், குளிர்பெட்டியில் வைத்த அயல்நாட்டுப் பழத்தைத் தேடிப் போகிறோம்.

மங்குஸ்தான், ரம்புட்டான் மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. நீலகிரி அடிவாரத்துக் கல்லாறிலும், 1871இல் தொடங்கிய பர்லியாறு பண்ணையிலும் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. பருவத்தில் அந்தப் பக்கம் போனால் அவசியம் வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் அவற்றுக்கு ஈரக்காற்றும் நிழலும் வேண்டும். கொசஸ்தலை ஆற்றங்கரை வெயிலில் அவை தாங்காது. இந்த மண்ணுக்கு மாவும் பனையும் சீத்தாவும்தான். தாய்லாந்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கன்றுகளை அல்ல, தின்னும் பழக்கத்தை. அவர்கள் தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோற்றோடு பழுத்த மாம்பழம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் நம் பங்கனபள்ளியும் கையில் இருக்கும்போது அந்த விருந்தை நம் வீட்டிலேயே செய்யலாம்.

பத்தை வியாபாரத்தால் கூழ் ஆலை வாங்கும் அளவை ஈடுகட்ட முடியாது. ஆனால் ஆலைக் கதவு மூடும் ஆண்டில் விவசாயிக்கு இன்னொரு கதவு வேண்டும். அதற்கு வாய்ப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரா வரத்து ஓயும் முன்பே ஆடிக் கிருத்திகை வந்துவிடும். காவடியோடு லட்சக்கணக்கானோர் திருத்தணி வருவார்கள். மலையடிவாரத்திலும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பேருந்து நிலையங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நிழலோடு இடம், ஒரு கண்ணாடிப் பெட்டி, சுத்தமான தண்ணீர், பனிக்கட்டி இவை கிடைத்தால் போதும். பேரூராட்சிகளும் தோட்டக்கலைத் துறையும் இந்த ஆடிக்கே இதைச் செய்து கொடுக்க வேண்டும். திருத்தணி வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, தோட்டக்காரரிடமே இரண்டு கிலோ கிளிமூக்கு வாங்குங்கள்.