போர் விமானங்களைப் படம் பிடிப்போர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பொழுதுபோக்குகளில்தான் எத்தனை வகை! தபால் தலை சேர்ப்போர் உண்டு. பழைய நாணயங்களைத் தேடி அலைவோர் உண்டு. பறவைகளைக் காண ஏரிக்கரையில் விடியற்காலை முதல் காத்திருப்போரும் உண்டு. போர் விமானங்களைப் படம் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவர்கள் படை வீரர்கள் அல்லர், பத்திரிகைக்காரர்களும் அல்லர். வாரம் முழுதும் வேறு தொழில் செய்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, மழையிலும் குளிரிலும் குன்றின் மேல் நிற்பவர்கள். இந்தப் பொழுதுபோக்கு எவ்வாறு தோன்றியது, இதில் அடங்கியுள்ள விஞ்ஞானம் யாது, எந்த இடத்தில் இது சட்டத்தோடு மோதுகிறது, இதனால் யாருக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

போரில் பிறந்த பழக்கம்

இதன் தொட்டில் பிரிட்டன் எனலாம். 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் மீது குண்டு வீசிய நாட்களில், கடலைத் தாண்டி வரும் விமானங்களை ராடார் கருவிகள் கண்டு சொல்லின. ஆனால் அந்த ராடார்கள் கடலை நோக்கியே அமைக்கப்பட்டிருந்தன. கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் புகுந்த விமானங்களைக் கண்காணிக்க மனிதக் கண்களே துணை. அந்தப் பணியைச் செய்தது 'அப்சர்வர் கோர்' எனப்பட்ட கண்காணிப்போர் படை. அதில் பெரும்பாலோர் தொண்டர்கள். தொலைநோக்கியோடு காவலிடத்தில் அமர்ந்து, வருவது எந்த வகை விமானம், எத்தனை, எவ்வளவு உயரம், எந்தத் திசை என்று தொலைபேசியில் சொல்லுவார்கள். இவர்களின் தொண்டைப் பாராட்டி 1941-இல் அப்படைக்கு 'ராயல்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

விமானத்தின் நிழலுருவை மட்டும் பார்த்து அதன் பெயரைச் சொல்லும் கலை அக்காலத்தில் பொதுமக்களிடையேயும் பரவியது. நண்பனா, பகைவனா என்று அறிவது உயிர்ப் பிரச்சினை அல்லவா? போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. சிறுவர்கள் விமானத் தளங்களின் வேலி ஓரம் நின்று, விமானங்களின் வால்பகுதியில் எழுதப்பட்டுள்ள எண்களைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார்கள். பின்னர் காமிரா கைக்கு வந்தது; அதற்குப் பின்னர் வீடியோவும் வந்தது. ஆனால் முதலில் இருந்தது ஒரு பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வேல்ஸ் மலைகளிடையே

இப்பொழுதுபோக்கினருக்கு உலகப் புகழ் பெற்ற இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டோல்கெத்லாய், மக்கன்லெத் என்னும் இரு சிற்றூர்களுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்குகளின் தொடரே அது. 'மாக் லூப்' என்று அதனை அழைக்கிறார்கள். ஒலியின் வேகத்தை அளக்கும் 'மாக்' எண்ணிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது மக்கன்லெத் ஊர்ப்பெயரின் முதற்பகுதியே. அங்கே விமானங்கள் ஒலியை விஞ்சிப் பறப்பதும் இல்லை.

பகைவரின் ராடார் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால், மலைகளின் மறைவில் தாழப் பறக்க விமானிகள் பழக வேண்டும். அப்பயிற்சிக்காக இப்பள்ளத்தாக்குகளில் தரையிலிருந்து 250 அடி உயரம் வரை, அதாவது சுமார் 76 மீட்டர் வரை, தாழ்ந்து பறக்க அனுமதி உண்டு. பள்ளத்தாக்கின் சரிவில் ஏறி நிற்பவருக்கு விமானம் தலைக்கு மேல் வருவதில்லை. கண்ணுக்கு நேராகவோ, சில வேளைகளில் காலுக்குக் கீழாகவோ பறந்து செல்கிறது! விமானத்தின் முதுகும், கண்ணாடிக் கூண்டுக்குள் விமானியின் தலைக்கவசமும் தெளிவாகத் தெரியும். வேறெங்கும் எளிதில் கிட்டாத காட்சி இது.

நுழைவுக் கட்டணம் இல்லை. சாலையோரத்திலிருந்து ஏறிச் செல்லலாம். ஆனால் வரும் விமானம் எது, எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சனி, ஞாயிறுகளில் பயிற்சி இராது எனலாம். மற்ற நாட்களிலும் மேகம் இறங்கிவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பத்து மணி நேரம் காத்திருந்து ஒரு விமானத்தையும் காணாமல் இறங்குவோர் உண்டு. மறுநாள் அவர்களே மீண்டும் ஏறுவார்கள்!

வினாடிக்குள் ஒரு கணக்கு

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனி வரும் பகுதியே. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் வருவதாகக் கொள்வோம். வினாடிக்கு அது 222 மீட்டர். காமிராவில் 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்சு பொருத்தப்பட்டிருக்கிறது. படம் பதியும் பரப்பின் அகலம் 36 மில்லிமீட்டர். விமானம் நம்மிடமிருந்து 200 மீட்டர் தூரத்தில் குறுக்கே செல்கிறது. வடிவொத்த முக்கோணங்களின் கணக்குப்படி, அந்தத் தூரத்தில் காமிரா காணும் அகலம் 18 மீட்டர்தான். டைபூன் என்னும் போர் விமானத்தின் நீளமே ஏறத்தாழ 16 மீட்டர். அந்த 18 மீட்டரை விமானம் கடக்க ஆகும் நேரம் 0.08 வினாடி. கண் சிமிட்டும் நேரத்தைக் காட்டிலும் குறைவு!

ஆகவே காமிராவை அசையாமல் பிடித்துக்கொண்டு விமானம் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. காமிராவின் மூடி வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்தாலும் அதற்குள் விமானம் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; படம் கலங்கிப் போகும். விமானத்தின் வேகத்துக்கு ஈடாக இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டே பித்தானை அழுத்த வேண்டும். அப்போது விமானம் தெளிவாகவும், பின்னால் உள்ள மலை கோடு கோடாகவும் பதியும். வேகம் என்பது கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோடுகளில்தான்.

விமானத்தின் ஓசை கேட்டபின் தயாராகலாமே என்று கேட்கலாம். ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எழும் ஓசை நம்மை அடைய 3 வினாடி ஆகிறது. விமானம் நம்மை அடைய நான்கரை வினாடி. ஓசை கேட்டபின் எஞ்சியிருப்பது ஒன்றரை வினாடி மட்டுமே. நடுவில் மலை மறைத்தால் அதுவும் இல்லை. ஆகவே காதை நம்பாமல் கண்ணை நம்பி, பள்ளத்தாக்கின் வாயிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விசிறி நின்றுவிட்டதா?

ஜெட் விமானத்துக்குக் குறைந்த நேரம் நல்லது; ஆனால் முன்புறம் விசிறி சுழலும் விமானத்துக்கு அதுவே தீங்காகும். நிமிடத்துக்கு 1,200 முறை சுழலும் ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 20 சுற்று. ஆயிரத்தில் ஒரு வினாடியில் அது 7 பாகையளவே திரும்பும். படத்தில் விசிறி அசையாமல் நிற்பது போலவும், விமானம் வானத்தில் நூல் கட்டித் தொங்குவது போலவும் தோன்றும். நூறில் ஒரு வினாடி என்று வைத்தால் 72 பாகை திரும்பும். விசிறி அழகிய வட்டமாகப் பதியும். ஆனால் அந்த நீண்ட நேரத்துக்குள் கை நடுங்கினால் விமானமே கலங்கிவிடும். அனுபவத்தின் சோதனை இங்கேதான் இருக்கிறது.

வீடியோ எடுப்போருக்கு வேறொரு விந்தை காத்திருக்கிறது. திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருக்கிறோம். வீடியோ என்பது தொடர்ச்சியான காட்சி அன்று. வினாடிக்கு 25 தனித்தனிப் படங்கள். நான்கு இதழுள்ள விசிறி ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சரியாகக் கால் சுற்று அல்லது அதன் மடங்கு சுற்றினால், ஒவ்வொரு படத்திலும் அது ஒரே நிலையில் இருப்பதாகவே தோன்றும். விமானம் பறந்துகொண்டிருக்க, விசிறி மட்டும் உறங்குவதாகத் தோன்றும்!

குறிப்பேடு குற்றமானது

இதுவரை சொன்னவை கலையும் விஞ்ஞானமும். இனிச் சொல்லப்போவது சட்டம். 2001 நவம்பரில் பிரிட்டனைச் சேர்ந்த 12 பேரும் நெதர்லாந்தைச் சேர்ந்த 2 பேரும் கிரேக்க நாட்டில் களமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தபோது கைது செய்யப்பட்டனர். அவர்கள் எழுதி வைத்திருந்த விமான எண்கள் இராணுவ இரகசியமாகக் கருதப்பட்டன. ஐந்து வாரங்களுக்கு மேல் காவலில் இருந்து ஜாமீனில் வந்தார்கள். 2002 ஏப்ரலில் நீதிமன்றம் எட்டுப் பேருக்கு மூன்றாண்டுச் சிறையும், ஆறு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது.

சிந்திக்க வேண்டிய செய்தி இது. வேல்ஸ் மலையில் எந்தக் குறிப்பேடு பொழுதுபோக்காக இருந்ததோ, அதே குறிப்பேடு வேறொரு நாட்டில் ஒற்றர் வேலைக்குச் சான்றாயிற்று. எழுதியவர் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. நிற்கும் நிலம் மாறியது. அண்டை நாட்டோடு நெடுநாள் பகையுள்ள ஒரு தேசம், தன் விமானத்தின் எண்ணை அந்நியர் எழுதுவதை ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. எண்ணை மட்டும் தனியே பார்த்தால் அதில் இரகசியம் எதுவும் இல்லை என்பதும் உண்மையே.

இதனால் என்ன பயன்?

இக்கட்டுரைக்காகப் படித்தவற்றை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், "மலை மேலே நின்னு படம் எடுத்தா அவங்களுக்கு என்னப்பா கிடைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. நல்லதொரு லென்சின் விலை இலட்ச ரூபாயைத் தாண்டுகிறது. கூலிக்குப் போய் மகனைப் படிக்க வைப்பவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். 2004 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டின் பால்மா விமான நிலையத்தில், இத்தகைய பொழுதுபோக்காளர் ஒருவர் வெள்ளை நிறப் போயிங் 737 விமானம் ஒன்றைப் படம் பிடித்தார். அது போர் விமானம் அன்று. எண் எழுதப்பட்டிருந்த சாதாரண விமானமாகவே தோன்றியது. பிற்பாடுதான் உண்மை வெளிவந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஆட்களைப் பிடித்து இரகசியமாக நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப் பயன்படுத்திய விமானம் அது. பால்மாவிலிருந்து மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவுக்குப் பறந்து, காலித் எல்-மஸ்ரி என்னும் ஜெர்மானியக் குடிமகனை ஏற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்றது. ஆள் மாறாட்டத்தால் பிடிபட்ட அம்மனிதர் பல மாதங்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார். பத்திரிகையாளர்கள் விமானங்களின் பயண விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொழுதுபோக்காளர்களின் படங்களும் குறிப்புகளும் சான்றாக நின்றன. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எல்-மஸ்ரிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, மாசிடோனியா அரசைப் பொறுப்பாளியாக்கியது.

படம் எடுத்தவர் உளவு பார்க்கவில்லை. நீதி கேட்டும் எடுக்கவில்லை. நாள், இடம், எண் ஆகிய மூன்றையும் வழக்கம்போல் ஒழுங்காகப் பதிந்து வைத்தார். அவ்வளவே. ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள், "கண்டதைக் கண்டபடி அப்போதே எழுது" என்று வற்புறுத்துவதன் பொருள் எனக்கு இதில்தான் விளங்கிற்று. இன்று பயனற்றதாகத் தோன்றும் அளவீடு, நாளை ஒருவருடைய வழக்குக்கு ஆதாரமாகலாம்.

நம் நாட்டில்

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் எவரும் செல்போனை எடுத்துக்கொண்டு விமானப்படைத் தளத்தின் மதில் ஓரம் போய் நின்றுவிட வேண்டாம்! 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தடைசெய்யப்பட்ட இடங்களை நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளையும் நோக்கில் அணுகுவதும், அவற்றை வரைவதும் குற்றம். வரைதல் என்பதில் புகைப்படமும் அடங்கும். பாதுகாப்புத் துறை சார்ந்தவற்றில் தண்டனை 14 ஆண்டுகள் வரை செல்லலாம். நோக்கம் என்ன என்பதைச் சூழ்நிலையை வைத்தே ஊகிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. "சும்மாதான் எடுத்தேன்" என்ற விடை அங்கே போதாது.

ஆனால் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பெங்களூருக்கு அருகே எலகங்காவில் 1996 முதல் ஏரோ இந்தியா கண்காட்சி நடைபெற்று வருகிறது. 2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னை மெரினாவில் இந்திய விமானப்படை தன் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி வான் சாகசங்களை நடத்தியபோது, ரபேலையும் தேஜசையும் இலட்சக்கணக்கான மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அரசே அழைத்துக் காட்டும் அத்தகைய நாட்களே நமக்குரிய நாட்கள்.

விமானங்களும் மனிதர்களைப் போல் வந்து போகின்றன. 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 62 ஆண்டுகள் பறந்து, 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. இனி அதன் உறுமலை வானத்தில் கேட்க முடியாது. அது பறந்த காலத்தில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று, நாளும் எண்ணும் குறித்து யாரேனும் எடுத்து வைத்த படங்கள் வரலாற்றுக்கு உதவும். எனவே நண்பர்களே, அடுத்த வான் சாகச விழாவுக்குச் செல்லும்போது ஒரு சிறு குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். காமிரா இல்லையென்று கவலைப்பட வேண்டாம். நாள், இடம், நேரம், விமானத்தின் வகை என்று எழுதத் தொடங்கினாலே போதும்.