வாயுக் கசிவு நின்றது, நடுக்கம் நிற்கவில்லை: வடசென்னை மனநலம் – சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிவதற்குள், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் படகில் ஏறி, பக்கெட்டும் கையுமாக அந்த எண்ணெயை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துக் கிடந்த அதே மாதம் 26ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அன்று சுனாமி நினைவு நாள். 2004இல் அதே தேதியில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

மீன்பாடு போனது பற்றியும், நுரையீரல் பற்றியும், இழப்பீடு பற்றியும் அப்போது நிறையப் பேசினோம். மனம் என்ன ஆனது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் மக்களுக்கு எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

லேசாக வாடை வந்தாலே உடம்பு நடுங்குகிறது. தூக்கம் போய்விட்டது. இது மனநோயா?

உயிர் பிழைத்து ஓடிய உடம்பு சில வாரங்களுக்கு விழிப்பாகவே இருக்கும். கெட்ட கனவு, சத்தம் கேட்டால் திடுக்கிடுதல், ராத்திரி எழுந்து கதவைப் பார்த்தல் எல்லாம் இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு நாள் போகப்போகத் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல், வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வாட்டினால், அது பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாடை நிஜமாகவே அடிக்கும்போது அதை யாரும் 'உங்கள் மனப்பிரமை' என்று ஒதுக்கக் கூடாது. முதலில் புகார் செய்யுங்கள், மூச்சுக் கோளாறு இருந்தால் நுரையீரலைப் பரிசோதியுங்கள். உடம்பும் மனமும் சேர்ந்துதான் அடிபடுகின்றன. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு நமக்குக் காட்டியது அதைத்தான். அங்கே பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி தேவைப்பட்டது. மனநல மருத்துவர் சீனிவாச மூர்த்தி போன்றவர்கள் அந்தப் பயிற்சியை நடத்தினார்கள்.

இன்னொன்று. விபத்து நடந்த மறுநாளே ஒருவரை உட்கார வைத்து, 'நடந்ததை எல்லாம் சொல்லு' என்று கிளறுவது உதவாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. சோறு, படுக்க இடம், காணாமல் போனவர் பற்றிய தகவல், பக்கத்தில் ஓர் ஆள்: முதல் நாள்களில் தேவைப்படுவது இவ்வளவுதான். அவராகப் பேசினால் கேளுங்கள்.

'நெஞ்சைப் புடிச்சிக்குது, செத்துடுவேன்னு தோணுது' என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இசிஜி நார்மல் என்கிறார்கள். அப்படியானால் நடிப்பா?

நடிப்பே இல்லை. பீதித் தாக்குதல் என்று இதற்குப் பெயர். அந்தப் பத்து நிமிடம் படும் அவஸ்தை நூற்றுக்கு நூறு நிஜம். இதயம் தடதடக்கும், வியர்க்கும், கை மரத்துப்போகும், மூச்சு போதாது போலிருக்கும். ஆபத்து இல்லாத நேரத்தில் ஊதிவிட்ட ஆலைச் சங்கு மாதிரி: சத்தம் உண்மை, தீ இல்லை.

நெஞ்சுவலி வந்தால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்கத்தான் வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். ரத்தச்சோகையும் தைராய்டும் கூடப் படபடப்பைத் தரும். அவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? ஓர் எடுத்துக்காட்டு. கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவருக்குத் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது முதல்முறை படபடப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் அந்த வரிசையை நினைத்தாலே நெஞ்சு அடிக்கிறது. 'ஹார்ட் அட்டாக் வரப்போகுது' என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணமே இதயத்தை இன்னும் வேகமாக அடிக்க வைக்கிறது. வேகமாக அடிப்பதால் எண்ணம் உறுதியாகிறது. இந்தச் சுழலை உளவியலாளர் ஒரு தாளில் வரைந்து காட்டுவார். பிறகு, 'வாங்கண்ணே, இந்த மாடிப்படியை ரெண்டு தடவை ஏறி இறங்குவோம்' என்று கூடவே வருவார். மேலே போய் நின்றதும் நெஞ்சு தடதடக்கும். 'இப்ப என்ன ஆகுதுன்னு கவனிங்க' என்பார். சில நிமிடங்களில் தானாக அடங்கும். இதயம் வேகமாக அடித்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் உடம்பே அவருக்குச் சொல்லிவிடும். அடுத்த வாரம் துறைமுகச் சாலையில் கொஞ்ச நேரம், அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்ச நேரம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக வடிவமைத்தது, பின்னால் பதற்றம், பீதி, எண்ணச் சுழற்சி நோய் எனப் பலவற்றுக்கும் விரிந்தது.

சும்மா உட்கார்ந்து பேசினால் எப்படி நோய் தீரும்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும் கூட. வெறும் ஆறுதல் பேச்சு நோயைத் தீர்க்காதுதான். மனநலச் சிகிச்சையில் பேச்சுக்குத் திட்டம் உண்டு, பயிற்சி உண்டு, வீட்டுப்பாடம் உண்டு.

மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும். எதிலும் பிடிப்பு இருக்காது. பசியும் தூக்கமும் மாறும். 'நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம் ஓடும். நம் பக்கம் பலர் இதை மனக்கஷ்டம் என்று சொல்வதே இல்லை. உடம்பு அசதி, தலைபாரம், கைகால் குடைச்சல் என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் ஒருவர் அந்தச் சமயத்தில் வீட்டில் படுத்துவிடுகிறார். கடன் வேறு. படுத்தே கிடப்பதால் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்காததால் மனம் இன்னும் சோர்கிறது. ஆலோசகர் அவரிடம் பெரிய தத்துவம் பேச மாட்டார். காலை எழுந்ததும் காசிமேட்டுக்கு ஒரு நடை, பிறகு கூட்டாளியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வலை பின்னுதல் எனச் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்து எழுத வைப்பார். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்யச் செய்ய மனசு வரும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். ஆலோசனை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம், பெறாதவர்களில் 39 சதவீதம். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு இது.

மாத்திரை போட்டால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று பெரும்பாலும் தரும் மருந்துகள் போதை தருபவை அல்ல. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாள் போட்டுவிட்டு 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துவதுதான் நடக்கும் தவறு. குணமான பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். லேசான நிலையில் மாத்திரையே இல்லாமல் பேச்சுச் சிகிச்சை போதும்.

எச்சரிக்கை வேறொன்றுக்குத் தேவை. டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும். அதைக் குடியோடு சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம்.

குடித்தால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. திடீரென்று நிறுத்தச் சொல்லலாமா?

குடி தூக்கத்தைத் தருவதுபோல் தந்து பின்னிரவில் பிடுங்கிக்கொள்ளும், மனச்சோர்வைக் கூட்டும். ஆனால் பல ஆண்டுகள் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். மாலை போடும் மாதத்தில் இப்படி நடப்பதுண்டு. விரதம் நல்லது. குடியை மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பிரசவமான பெண் அழுதுகொண்டே இருக்கிறாள்?

முதல் சில நாள் அழுகை பொதுவானது. இரண்டு வாரம் தாண்டினால், குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால், பிரசவம் பார்த்த மருத்துவமனையிலேயே சொல்லுங்கள். 'கொழுப்பு' என்று மாமியாரோ கணவரோ திட்டுவது அவளை இன்னும் ஒடுக்கும்.

தர்காவில் மந்திரித்தோம், கோயிலில் வேப்பிலை அடித்தோம். அதை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டியதில்லை. வழிபாடு தரும் தெம்பு உண்மையானது. மாத்திரையும் ஆலோசனையும் அதோடு கூடவே நடக்கட்டும். கட்டிவைப்பதும் அடிப்பதும் மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்து மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

கீழ்ப்பாக்கம் போனால் ஊர் என்ன சொல்லும்? பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?

1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரை வசவாக்கியது நாம்தான். எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அதை வழிநடத்தியிருக்கிறார். இங்கே பேசிய பிரச்சினைகளுக்கு அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் வருபவர்களோடு நீங்களும் ஒருவராக நிற்கலாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மேற்சொன்ன சட்டப்படி உங்கள் உரிமை.

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை.

'சாகணும்னு தோணுதா?' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவது ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. கேட்டதும் பலர் அழுது, பாரம் இறக்கி வைக்கிறார்கள். நேரடியாக, பதறாமல் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். மருந்து, கயிறு, பூச்சிக்கொல்லி எதுவும் கைக்கு எட்டாமல் பாருங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது சட்டம். போலீஸ் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

காற்றும் தண்ணீரும் கெட்டுக் கிடக்கிறது, வேலை கான்ட்ராக்ட். இதைச் சரிசெய்யாமல் எங்களுக்குக் கவுன்சலிங் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். சாம்பலும் வாயுவும் சூழ்ந்த ஊரில், 'மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்' என்று மட்டும் சொல்லிப் போவது அநியாயம். ஆலையின் பொறுப்பை ஆலோசகர் தலையில் கட்ட முடியாது. மனநல முகாம் நடத்திவிட்டோம் என்று எந்த அரசும், எந்த நிறுவனமும் கணக்கை முடித்துக்கொள்ளவும் கூடாது.

ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும், இழப்பீடு தாமதமாக வரும். அதுவரை ஓர் அம்மா தூங்காமல் கிடக்க வேண்டுமா? மனுக் கொடுக்கவும், மறியலில் உட்காரவும், மறுநாள் மீன்கூடையைத் தூக்கவும் தெம்பு வேண்டும். சுத்தமான காற்றும் உரிமை, சிகிச்சையும் உரிமை. இரண்டையும் சேர்த்தே கேட்போம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் வர வேண்டும் என்ற கோரிக்கையும் அந்த மனுவில் இருக்கட்டும்.

செலவில்லாமல் உடனே யாரிடம் பேசுவது?

14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மனம் உடைந்து நிற்கும் நேரத்தில், லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பையும் 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் இந்த இரண்டு எண்களையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்.