பார்த்தவருக்கு வரையத் தெரியாது!

வலது கை ஆசீர்வதிக்கிறது. இடது கை நெஞ்சருகே. அங்கிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒளிக்கற்றைகள். கிறிஸ்தவ நண்பர் வீட்டு ஹாலில் இந்த இயேசு படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 'இறை இரக்கத்தின் ஆண்டவர்' என்பார்கள். ஏதோ பழங்கால சமாசாரம் என்று நினைத்தால் தப்பு. போலந்துக்காரர்கள் வரைந்தது, நூறு வயசுகூட ஆகவில்லை!

கதாநாயகி பவுஸ்தினா என்கிற கன்னியாஸ்திரீ. ஏழை விவசாயி மகள். முழுசாக மூணு வருஷம்கூடப் பள்ளிக்கூடம் போகாதவர். மடத்தில் சமையல், தோட்டம், வாசல் காவல் என்று சகல வேலையும் பார்த்தார். 1931 பிப்ரவரி 22 இரவு, ப்ளோட்ஸ்க் நகர மடத்தில் இயேசு தனக்குக் காட்சி தந்ததாகச் சொன்னார். பார்த்ததைப் படமாக்கு என்று உத்தரவாம். பாவம், அவருக்கு வரைய வராது.

அடுத்து வில்னோ நகரம் (அப்போது போலந்து, இன்று லிதுவேனியாவின் தலைநகரம் வில்னியுஸ்). அங்கே சொபோச்கோ என்ற பாதிரியாரிடம் விஷயத்தைச் சொன்னார். கெட்டிக்கார மனுஷர், முதலில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்! கோளாறு எதுவுமில்லை என்று தெரிந்தபின், கஸிமிரோவ்ஸ்கி என்ற ஓவியரைப் பிடித்தார்.

1934-ல் ஆறு மாதம் வேலை நடந்தது. பவுஸ்தினா அடிக்கடி போய் நின்று திருத்தம் சொல்வார். போஸ் கொடுக்கப் பாதிரியாரே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டார். 'என்னவோ குறையுது ஸார், ஆனா என்னன்னு சொல்லத் தெரியலை' என்கிற கஸ்டமரை ஆபீஸில் சமாளித்தவர்களுக்கு ஓவியரின் அவஸ்தை புரியும். கடைசியில் படத்தைப் பார்த்த பவுஸ்தினா, தான் கண்ட அழகு இதில் வரவில்லையே என்று கோயிலுக்குள் போய் அழுதுவிட்டார். மகிமை வர்ணத்திலோ தூரிகையிலோ இல்லை என்று தனக்கு பதில் கிடைத்ததாக டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

1938-ல் அவர் காலமானார். வயசு 33. மறு வருஷம் ஓவியரும் போய்விட்டார். படம் மட்டும் அலைந்தது. சோவியத் ஆட்சியில் கோயிலை மூட, 1951-ல் இரண்டு பெண்கள் அதை விலைக்கு வாங்கி ஒளித்து வைத்தார்கள். பிறகு பெலாரஸ் கிராமக் கோயில் ஒன்றில் முப்பது வருஷம் தொங்கியது. 1986-ல் அந்த இடத்தில் ஒரு நகலை மாட்டிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வில்னியுஸுக்குக் கடத்தி வந்தார்கள். சினிமா எடுக்கலாம்!

ஆனால் உலகமெங்கும் பரவியது இந்தப் படமல்ல. யுத்தத்தில் குடும்பம் பிழைத்ததற்கு நன்றியாக, க்ராக்கோ மடத்துக்கு 1943-ல் அடால்ஃப் ஹிவா என்பவர் வரைந்து கொடுத்தார். பலிபீடத்தில் அளவு பொருந்தவில்லை. 1944-ல் இன்னொன்று வரைந்தார். நம் ஹால்களில் அதிகம் தொங்குவது அதன் பிரதிகள்தான். ஹிவா பவுஸ்தினாவைச் சந்தித்ததே இல்லை.

1959-ல் இந்த பக்தி முறைக்கே வாடிகன் தடை போட்டது, 1978-ல் நீக்கியது. 2000-ல் பவுஸ்தினா புனிதரானார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹிவாவின் இயேசு நேராக நம்மையே பார்க்கிறார், பளிச்சென்ற அழகு. கஸிமிரோவ்ஸ்கியின் இயேசு கண்களைத் தாழ்த்தியிருக்கிறார், சிலுவையிலிருந்து கீழே பார்ப்பது போல. முகத்தில் கொஞ்சம் களைப்புகூடத் தெரிகிறது. பவுஸ்தினா அழுதிருக்கலாம், என் ஓட்டு அதற்குத்தான்.