சீட்டுப் போட்டியும் நிகழ்தகவும்

சீட்டாட்டம் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. பணம் வைத்து ஆடிச் சொத்தை இழந்தவர்களின் கதைகள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் நாம் இங்குக் காணப்போகும் ஆட்டம் வேறு வகையானது. இதன் போட்டிகளில் பணயம் வைத்து ஆடுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைத் தாமே தேர்ந்தெடுத்து, ஒரு கட்டாகத் தொகுத்துக்கொண்டு வருகின்றனர். முதன்முறையாக இத்தகைய போட்டிக்குச் செல்லும் மாணவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? இதற்கு விடை கூறுவது பெரிதும் கணிதமே.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வகை ஆட்டங்களுள் முன்னோடி ‘மேஜிக்: தி கேதரிங்’ என்பது. அமெரிக்காவில் 1993இல் வெளிவந்தது. இதை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டு ஒரு கணித அறிஞர். வரிசைமாற்றங்களையும் சேர்வுகளையும் ஆராயும் துறையில் அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இருவர் ஆடும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்கினால் வெற்றி. சீட்டுகளுள் ஒருவகை ‘நிலம்’. அது ஆற்றலைத் தரும். மற்றச் சீட்டுகள் அந்த ஆற்றலைச் செலவிட்டே செயல்படும். ஒரு முறைக்கு ஒரு நிலத்தை மட்டுமே இறக்கலாம். நிலம் குறைந்தால் கையிலுள்ள நல்ல சீட்டுகள் பயன்படா. நிலம் மிகுந்தால் செயல்படச் சீட்டுகள் இரா.

வெளிவந்த காலத்தில் 40 சீட்டுகள் இருந்தால் போதும். ஒரே சீட்டை எத்தனை படிகள் வேண்டுமானாலும் வைக்கலாம். வலிமைமிக்க ஒரே சீட்டைப் பலர் குவித்ததால் ஆட்டம் சுவை இழந்தது. எனவே 1994இல் போட்டிகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலங்கள் தவிர, எச்சீட்டும் 4 படிகளுக்கு மேற்படக் கூடாது.

ஏன் சரியாக 60?

60 என்பது குறைந்த அளவே. விரும்பினால் 70 சீட்டுகளும் வைக்கலாம். புதியவர் பலர், “இதுவும் நல்ல சீட்டு, அதுவும் நல்ல சீட்டு” என்று சேர்த்துக்கொண்டே போவதுண்டு. இதனால் நேரும் இழப்பைக் கணக்கிடுவோம்.

ஆட்டத் தொடக்கத்தில் 7 சீட்டுகளை எடுக்கிறோம். நம்முடைய மிகச் சிறந்த சீட்டின் 4 படிகள் கட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூட முதல் 7இல் வாராதிருக்க, நான்கும் மீதி 53 இடங்களில் அமைய வேண்டும். முதற்படி அவ்வாறு அமைய நிகழ்தகவு 53/60, அடுத்ததற்கு 52/59, பின்னர் 51/58, 50/57. நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.60 வரும். எனவே ஒன்றாவது கைக்கு வர நிகழ்தகவு 40 விழுக்காடு. கட்டில் 70 சீட்டுகள் இருப்பின் இதே கணக்கு 35 விழுக்காடு ஆகிறது. சேர்த்த பத்துச் சீட்டுகளும், நம் சிறந்த சீட்டைக் காணும் வாய்ப்பை எட்டில் ஒரு பங்கு குறைத்துவிட்டன.

நிலம் எத்தனை?

60இல் 24 நிலங்கள் என்பது பலர் கையாளும் அளவு. ஒரு கூடையில் 24 கறுப்புக் கோலிகளும் 36 வெள்ளைக் கோலிகளும் இருப்பதாகக் கொள்வோம். திருப்பி வைக்காமல் 7 கோலிகளை எடுத்தால், 2 கறுப்பு வர 27 விழுக்காடு, 3 வர 31, 4 வர 20 என்று கணக்கிடலாம். அதாவது ஏறத்தாழ 77 விழுக்காடு கைகள் ஆடத்தக்கவை. எஞ்சிய 23 விழுக்காட்டில் நிலம் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கும்.

அத்தகைய கையை மறுத்து மீண்டும் எடுக்கவும் விதி இடந்தருகிறது. 2019 முதல் வழங்கும் விதிப்படி, கட்டைக் கலைத்துப் புதிதாக 7 எடுத்து, மறுத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும். எந்தக் கையை ஏற்பது, எதை மறுப்பது என்பதைப் போட்டி மேசையில் அமர்ந்து யோசிப்பதினும், முன்னரே நூறு கைகளை எடுத்துப் பார்த்துப் பழகுவது நன்று.

ஒத்திகை

சில அரிய சீட்டுகளின் விலை மாணவர்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. எனவே வாங்குமுன், காகிதத் துண்டுகளில் பெயரெழுதி நண்பர்களுடன் ஆடிப் பார்க்க வேண்டும். போட்டியில் அவை செல்லா; ஒத்திகைக்குத் தடையில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. சமவலிமை உள்ள இரு கட்டுகள் 10 ஆட்டங்கள் மோதினாலும், குறிப்பிட்ட ஒரு கட்டு 6 அல்லது அதற்கு மேல் வெல்ல 38 விழுக்காடு வாய்ப்புண்டு. எனவே “பத்துக்கு ஆறு வென்றேன், இதுவே சிறந்த கட்டு” என்பது சான்றாகாது. 100 ஆட்டங்களில் 60 அல்லது அதற்கு மேல் வென்றால் நிலை வேறு. சமமான கட்டுகளிடையே அது நிகழ வாய்ப்பு 3 விழுக்காடே. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பி முடிவு கூறாதது போன்றதே இதுவும்.

கலைத்தல்

கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றனுள் ஒன்று செருகிக் கலைக்கும் முறையைப் பேயர், டயகோனிஸ் என்னும் இரு கணிதவியலார் ஆராய்ந்தனர். 52 சீட்டுகள் நன்கு கலைய ஏறத்தாழ ஏழு முறை தேவை என 1992இல் காட்டினர். 60 சீட்டுகளுக்கும் அதற்குக் குறைதல் ஆகாது. நிலங்களை இடையிடையே அடுக்கிவைத்துப் பிறகு கலைப்போர் உளர். நன்கு கலைத்தால் அவ்வடுக்கினால் பயனில்லை. பயன் விளைந்தால் அது முறைகேடு.

போட்டி நாள்

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடைபெறுகின்றன. 1895இல் ஜூரிக் நகரச் சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்ட முறை இது. தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை, ஒத்த புள்ளிகள் உடையவரோடு அடுத்த சுற்றில் மோதுவார். ஒரு சுற்றில் மூன்று ஆட்டங்களுள் இரண்டை வெல்ல வேண்டும். வழக்கமான நேரம் 50 நிமிடம். ஆகவே விரைந்து முடிவெடுக்கவும் பழக வேண்டும். கட்டின் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு சீட்டையும் இருமுறை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பட்டியலும் கட்டும் வேறுபட்டால் தண்டனை உண்டு.

இனி, ஓர் ஆட்டத்தை வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள திறமைசாலியைக் கருதுவோம். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு சுற்றை வெல்ல அவருக்கு 65 விழுக்காடு வாய்ப்பு. ஐந்து சுற்றுகளையும் வெல்லவோ 11 விழுக்காடே! திறமைசாலியும் ஒன்பது போட்டிகளில் எட்டில் எங்கேனும் தடுக்கி விழுவார். எனவே முதற்போட்டியில் தோற்ற மாணவர் தமக்கு அறிவில்லை என்று சோர்வது கணிதப்படி தவறு. வென்றவர் தம்மை மேதை எனக் கருதுவதும் அவ்வாறே. “வென்றேனா?” என்பதைவிட, “அந்நேரத்தில் தெரிந்ததைக் கொண்டு சரியான முடிவெடுத்தேனா?” என்பதே ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் கேட்கவேண்டிய வினா. தேர்விலும் வேளாண்மையிலும் வாணிகத்திலும் இவ்வினா பொருந்தும்.

இதைச் சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த சீட்டுகள் வேண்டா. 60 காகிதத் துண்டுகளை வெட்டி, 24இல் குறியிடுங்கள். நன்கு கலைத்து 7 எடுத்து, குறியிட்டவற்றை எண்ணி எழுதுங்கள். துண்டுகளைத் திருப்பிப் போட்டு இவ்வாறே நூறு முறை செய்யுங்கள். இரண்டு, மூன்று அல்லது நான்கு வந்தவை பெரும்பாலும் 69க்கும் 85க்கும் இடையே அமையக் காண்பீர்கள்.