தோற்றவர் என்ன செய்யப் போகிறார்?

சங்கத் தேர்தல் வந்துவிட்டால் ஆலை வாசலில் பேச்சுக்குக் குறைவிருக்காது. டீக்கடையிலும், ஷிப்டு மாறும் நேரத்திலும் ஒரே கேள்விதான்: “காரியதரிசிக்கு யார் ஜெயிப்பார்?” இந்த இலாகாவில் இவருக்கு எத்தனை ஓட்டு, அந்த இலாகாவில் அவருக்கு எத்தனை ஓட்டு என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். எண்ணட்டும், தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. தோற்றவர் மறுநாள் காலை என்ன செய்யப் போகிறார்?

சங்கம் பிழைப்பதும் சாவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது. முதலாளி இதை நன்றாக அறிவார். தொழிலாளிதான் பல சமயம் மறந்துவிடுகிறான்.

“அப்படியானால் போட்டியே வேண்டாமே, ஒருமனதாகத் தேர்ந்தெடுத்து விடலாமே” என்பார் சிலர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டியில்லாத இடத்தில் ஒரே மனிதர் இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கணக்குப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். மானேஜருக்கும் அவருக்கும் என்ன பேச்சு நடந்தது என்பது சுவருக்குக்கூடத் தெரியாது. இதுவா ஒற்றுமை? போட்டி வேண்டும். பதவியில் இருப்பவர் தொழிலாளி முன் நின்று கணக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தப் பதவி தொழிலாளிக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. தலைவர் பி.பி. வாடியா பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். கூட நின்ற திரு.வி.க. பத்திரிகையாசிரியர். ஆலைக்கு வெளியேயிருந்து தலைவர்கள் வர வேண்டியிருந்தது ஏன்? உள்ளே இருப்பவன் தலை தூக்கினால் வேலை போய்விடும்! வெளியிலிருந்து வந்த வாடியாவையாவது விட்டார்களா? தொழிலாளரைத் தூண்டிவிட்டார் என்று ஹைகோர்ட்டுக்கு இழுத்துத் தடையுத்தரவு வாங்கினார்கள். பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிக்கு இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகே.

2001-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகிகளில் வெளியார் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் நீளக்கூடாது என்றும் விதித்தார்கள். ஆகவே, வெளியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து நம்மைக் கரையேற்றுவார் என்று காத்திருக்கும் காலம் போய்விட்டது. மிஷின் பக்கத்தில் நிற்பவன்தான் முன்வர வேண்டும்.

சங்கம் என்ற பெயரைப் பதிவு செய்துகொள்ளவே இன்றும் என்ன பாடு! 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாட்கள் வெளியே நின்றார்கள். அவர்களது சங்கத்துக்கு 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பெறும் ஸ்தாபனத்தில் ஒரு பதவி கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும்?

முதலில், சங்கத்தைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். எத்தனை பேர் சந்தா பாக்கி? லேபர் கமிஷனரிடம் எந்தெந்த வழக்கு எந்த நிலையில் நிற்கிறது? வரவு செலவு எவ்வளவு? இது தெரியாதவர் மேடையேறி, “நான் வந்தால் போனஸ் மழை பொழியும்” என்றால் நம்பாதீர்கள். சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க, கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒற்றுமையான ஆட்பலமும் பின்னால் நிற்க வேண்டும். தொண்டை மட்டும் போதாது.

இரண்டாவதாக, எல்லோரிடமும் போய்க் கேட்க வேண்டும். “நம்மவர்கள் ஓட்டு நமக்கு இருக்கிறது, அது போதும்” என்று ஜாதிக் கணக்குப் போடுகிற அபேட்சகர்கள் உண்டு. அவர்கள் 1921-ஐப் படிக்கட்டும். அதே பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் அந்த வருஷம் ஜூனில் பெரும் போராட்டம் மூண்டது. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் தொழிலாளியே தொழிலாளியின் குடிசைக்குத் தீ வைத்தான். போலீஸ் சுட்டது. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

“காட்டிக் கொடுத்தார்கள்” என்று ஆதி திராவிடர்மேல் பழி போடுவது சுலபம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன் ஆலை வாசலில் மட்டும் “தோழா, என்னோடு பட்டினி கிட” என்றால் எவன் நம்புவான்? பிளவுக்கு முதலாளி எண்ணெய் ஊற்றினார், உண்மைதான். ஆனால் விறகை அடுக்கி வைத்திருந்தவர்கள் நாம். இன்றைக்கு அந்த இடத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி நிற்கிறான், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் நிற்கிறான், பெண் தொழிலாளி நிற்கிறாள். அவர்களுக்கு ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்களிடம் போய் நின்று பேசாத அபேட்சகர் நாளைய வேலைநிறுத்தத்தை இன்றே தோற்கடிக்கிறார்.

மூன்றாவதுதான் முக்கியம். தோல்வியைத் தாங்கும் மனதோடு நிற்க வேண்டும். இதை வெறும் தர்மோபதேசமாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறோம்.

2020-ல் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம் என்கிறது அது. அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு கவுன்சில். அந்தக் கவுன்சிலில் இடம் வேண்டுமானாலும் 20 சதவீத ஆதரவு வேண்டும்.

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் சங்கத்துக்கு 560 பேர் ஆதரவு. பேசும் உரிமை நம் கையில். சங்கத் தேர்தல் நடக்கிறது. தோற்றவர் ரோஷப்பட்டு அறுபது பேரை அழைத்துக்கொண்டு போய்ப் புதுப்பலகை மாட்டுகிறார். நம்மிடம் மிச்சம் 500. கேவலம் பத்துப் பேர் குறைந்ததால் உரிமை போயிற்று! போனவருக்காவது லாபமா? அறுபது பேரோடு கவுன்சில் கதவைக்கூட அவர் தட்ட முடியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் மானேஜர் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு காசு செலவில்லாமல் அவருக்கு வெற்றி!

இந்தச் சட்டத்தை எதிர்க்கிறோம், எதிர்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் அது அமலில் இருக்கும்வரை, ஆத்திரத்தில் சங்கத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் அதன் கத்திக்குச் சாணை பிடிக்கிறார்.

இங்கே நம் கட்சித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சி வேறு, சங்கம் வேறு. கட்சிக்குள் நம் கொள்கையை ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இருக்கிறார்கள். சங்கத்துக்குள் கோயிலுக்குப் போகிறவனும் இருப்பான், போகாதவனும் இருப்பான். வேறு கொடிக்கு ஓட்டுப் போடுகிறவனும் இருப்பான். எல்லோருடைய கூலியையும் ஒரே முதலாளிதான் குறைக்கிறான். சங்கத் தேர்தலைக் கட்சிக் கிளைத் தேர்தலாக நினைத்து, “நம் ஆள் வரவில்லையென்றால் சங்கமே வேண்டாம்” என்று ஒரு தோழர் பேசினால், அவர் கட்சிக்கும் உதவவில்லை, வர்க்கத்துக்கும் உதவவில்லை. 1920-ல் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தபோது நாட்டுத் தொழிலாளிக்கு ஒரே மத்திய ஸ்தாபனம்தான். இன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பிளவுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு பிளவுக்கும் தொழிலாளி விலையும் கொடுத்தான்.

ஜெயித்தவருக்கும் கடமை உண்டு. எதிர்த்து நின்றவரைப் பழிவாங்கக்கூடாது. அவருடைய வழக்கைக் கிடப்பில் போடக்கூடாது. கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பொதுக்குழு முன் வைக்க வேண்டும். நாற்பது ஓட்டு வாங்கித் தோற்றவரிடம் நாற்பது பேரின் குறை இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது காரியதரிசியின் முதல் வேலை.

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவர் எவரானாலும் நிறுத்திக் கேளுங்கள்: “ஐயா, ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லிவிட்டீர்கள். தோற்றால் என்ன செய்வீர்கள்?” பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு உங்கள் ஓட்டு வேண்டாம். தோற்ற மறுநாள் காலை சங்கக் காரியாலயத்துக்கு வந்து, சந்தா ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தன் இலாகாவுக்குப் போகிறவர் அபேட்சகராக நிற்கும் சங்கத்தில், யார் ஜெயித்தாலும் சரி, தோற்பவர் ஒருவர்தான். அவர் முதலாளி.