மருந்தும் நிர்வாகமும் ஒரே மூச்சில்

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக விரும்புகிறவர்கள் இன்று படிப்பது ஃபார்ம்.டி., நேயர்களே. பெரும்பாலான கல்லூரிகளில் அது 4 ஆண்டு. எம்.பி.ஏ. தனியாகப் படித்தால் இன்னும் 2 ஆண்டு. இரண்டையும் சேர்த்து 5 ஆண்டில் முடிக்கும் வசதியைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. சில பாடங்கள் இரு பட்டங்களுக்கும் கணக்கில் சேர்வதால் ஓர் ஆண்டு மிச்சம்.

மருந்து படித்தவருக்கு நிர்வாகப் படிப்பு எதற்கு? மருத்துவமனை மருந்தகத்தின் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்துக் காக்க வேண்டிய இன்சுலின் குப்பிகள். கூடுதலாக வாங்கிவிட்டால் தேதி முடிந்து வீணாகும். குறைத்து வாங்கினால் நோயாளிக்கு ஊசி இருக்காது. எத்தனை வாங்குவது என்று முடிவெடுப்பவருக்கு மருந்தும் தெரிய வேண்டும், வரவு செலவும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், அந்த நாற்காலிக்கு இந்த இரட்டைப் படிப்பு மிகவும் பொருத்தம்.